பூஜ்ஜியம் எங்கே இருக்கிறது? வாயுவும் படிகமும் வகுப்பறையில்

பதினொன்றாம் வகுப்பில் வாயு நிலைமை, பன்னிரண்டாம் வகுப்பில் திட நிலைமை. இந்த இரண்டு பாடங்களிலும் பிள்ளைகள் கணக்குத் தெரியாமல் மதிப்பெண் இழப்பது குறைவு. பெருக்கல், வகுத்தல், மடக்கை எல்லாம் ஒழுங்காகவே போட்டிருப்பார்கள். எங்கிருந்து எண்ணுவது என்பதில்தான் தவறுவார்கள். அழுத்தத்தை வெற்றிடத்திலிருந்து எண்ண வேண்டும். வெப்பநிலையை மைனஸ் 273-இலிருந்து எண்ண வேண்டும். அணுவை முழுதாக எண்ணாமல் அலகுக்கூட்டுக்கு, அதாவது படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் மிகச் சிறிய பெட்டிக்கு, சேரும் பங்காக எண்ண வேண்டும். சூத்திரத்தை எத்தனை முறை எழுதவைத்தாலும் இது வராது. பொருளைக் கையில் கொடுத்தால் வரும். அப்படிக் கொடுக்கும்போது எது சொதப்பும், ஏன் சொதப்பும் என்பதையும் சேர்த்தே கீழே எழுதியிருக்கிறது.

டயரிலிருந்து தொடங்கலாம். பெட்ரோல் பங்கில் காற்றடிக்கும் மீட்டர் 32 பிஎஸ்ஐ காட்டுகிறது. காலையில் டயர் 27 டிகிரி. நெடுஞ்சாலையில் ஓடி மதியம் 57 டிகிரி. இப்போது மீட்டர் என்ன காட்டும்? கெல்வினுக்கு மாற்ற வேண்டும் என்று நினைவிருக்கும் பிள்ளை 32-ஐ 330-ஆல் பெருக்கி 300-ஆல் வகுத்து 35.2 என்று எழுதும். அது தவறு. மீட்டர் காட்டுவது வெளிக்காற்றைவிட எவ்வளவு கூடுதல் என்பதை மட்டும்தான். பஞ்சரான டயரில் மீட்டர் பூஜ்ஜியம் காட்டும், ஆனால் உள்ளே 14.7 பிஎஸ்ஐ காற்று இருந்துகொண்டேதான் இருக்கும். ஆகவே 32-உடன் 14.7-ஐக் கூட்டி 46.7, அதை 330/300-ஆல் பெருக்கினால் 51.4, மறுபடி 14.7-ஐக் கழித்தால் 36.7. கெல்வினை மறக்காத பிள்ளைகூட இந்த இடத்தில் வழுக்கும். காரணம், செல்சியசின் பூஜ்ஜியம் பொய்யான பூஜ்ஜியம் என்று சொல்லித் தருகிறோம். மீட்டரின் பூஜ்ஜியமும் அதே ரகம் என்று சொல்வதில்லை.

இதையே கண்ணால் காட்ட 60 மி.லி. பிளாஸ்டிக் சிரிஞ்ச் ஒன்று போதும். முனையை எம்-சீல் வைத்து அடைத்து ஒரு நாள் காயவிடுங்கள். அடைப்பதற்கு முன் பிஸ்டன் 50 மி.லி. கோட்டில் இருக்க வேண்டும். சிரிஞ்சை நிமிர்த்தி ஸ்டாண்டில் பிடித்து, பிஸ்டன் தலையில் சின்னப் பலகை வைத்து, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்களை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். குறுக்குப் பரப்பைத் தெரிந்துகொள்ள வெர்னியர் தேவையில்லை. பூஜ்ஜியத்திலிருந்து 50 மி.லி. கோடு வரை ஸ்கேலால் அளந்தால் 9 செ.மீ.க்குச் சற்றுக் குறைவாக வரும். 50-ஐ அந்த நீளத்தால் வகுத்தால் பரப்பு, ஏறத்தாழ 5.6 சதுர செ.மீ. ஒரு கிலோ ஏற்றினால் கூடும் அழுத்தம் 17.5 கிலோபாஸ்கல்.

ஒரு கிலோவுக்கு 42.6, இரண்டுக்கு 37.2, மூன்றுக்கு 32.9, நான்குக்கு 29.6 மி.லி. வர வேண்டும். சரியாக இதே எண்கள் வராது. பிஸ்டனின் ரப்பர், குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டு பாதி வழியில் நின்றுவிடும். எடையை வைத்ததும் பிஸ்டனை விரலால் இன்னும் கொஞ்சம் அமுக்கிவிட்டு, அது எழும்பி நிற்கும் இடத்தைக் குறியுங்கள். பிறகு கொஞ்சம் இழுத்துவிட்டு, இறங்கி நிற்கும் இடத்தைக் குறியுங்கள். இரண்டின் சராசரிதான் அளவீடு. இதைச் செய்யாத வகுப்பில், வெப்பநிலை மாறாதவரை அழுத்தத்தையும் கனஅளவையும் பெருக்கினால் மாறிலி என்னும் பாயில் விதி பொய் என்றே முடிவாகும்.

வெறும் எடை தந்த அழுத்தத்தையும் கனஅளவையும் முதலில் பெருக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு கிலோவில் 745, இரண்டில் 1,302, நான்கில் 2,072. மாறிலி எங்கே போயிற்று? வெளிக்காற்றின் 101.3-ஐக் கூட்டிப் பெருக்கினால் எல்லாம் 5,065-ஐச் சுற்றி வந்து நிற்கும். இன்னொரு வேலையும் இருக்கிறது. எடையைக் கிடைமட்டத்திலும் கனஅளவின் தலைகீழியை நிலைக்குத்திலும் வைத்து நேர்கோடு வரைந்து, கோட்டை இடப்பக்கம் நீட்டுங்கள். அது கிடை அச்சை மைனஸ் 5.8 கிலோவுக்கு அருகில் வெட்டும். காலி சிரிஞ்சின் தலையில் காற்று வைத்திருக்கும் எடை அதுதான். பிள்ளைகள் வரைபடத் தாளில் இடப்பக்கம் இடமே விடாமல் வரைந்திருப்பார்கள், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அழுத்தம் மாறாதபோது கனஅளவு கெல்வின் வெப்பநிலைக்கு நேர்விகிதம் என்னும் சார்லஸ் விதிக்கு அதே சிரிஞ்சை வெந்நீரில் அமிழ்த்தலாம், ஆனால் அது எலும்பு காய்ந்த மாதிரி காய்ந்திருக்க வேண்டும். 30 டிகிரியில் 40 மி.லி. உலர்ந்த காற்று 60 டிகிரியில் 44 மி.லி. ஆகும். உள்ளே இரண்டு சொட்டுத் தண்ணீர் இருந்தால் 52 மி.லி.க்கு மேல் போய்விடும். 30 டிகிரியில் நீராவியின் பங்கு 4.2 கிலோபாஸ்கல், 60 டிகிரியில் அது 20-ஐத் தொடுகிறது. விரிந்தது காற்று மட்டுமல்ல, தண்ணீரும் ஆவியாகி இடம் பிடித்துக்கொண்டது. சிரிஞ்சைக் கழுவிவிட்டு நேரே சோதனைக்கு எடுப்பதுதான் வழக்கமான தவறு. அதை வீணாக்க வேண்டாம். கலவையில் ஒவ்வொரு வாயுவும் தன் பங்கு அழுத்தத்தைத் தரும், மொத்தம் அவற்றின் கூட்டல் என்னும் டால்டனின் பகுதி அழுத்த விதிக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. ஒரு குழுவுக்கு வேண்டுமென்றே ஈர சிரிஞ்சைக் கொடுங்கள்.

மைனஸ் 273-ஐக் கண்டுபிடிக்கக் கோட்டை நீட்டும்போது ஒரு எச்சரிக்கை. 30-க்கும் 60-க்கும் இடையில் மட்டும் அளந்துவிட்டு, அதைப்போல் பத்து மடங்கு தூரம் நீட்டுகிறோம். 44-ஐ 44.5 என்று படித்துவிட்டால் கோடு மைனஸ் 237-க்கு அருகில் போய் விழும். அரை மி.லி. பிழைக்கு 36 டிகிரி. ஐஸ் தண்ணீரில் ஒரு அளவீடு சேர்த்தால் பாதிக் கவலை தீரும்.

எஸ்டிபியில், அதாவது திட்ட வெப்ப அழுத்த நிலையில், ஒரு மோல் வாயு 22.4 லிட்டரா, 22.7 லிட்டரா என்ற சண்டைக்கு ஒரு வரி போதும்: 1 வளிமண்டலம் என்றால் 22.4, 1 பார் என்றால் 22.7. வாயு மாறிலியிலும் 0.0821 வளிமண்டலத்துக்கு, 0.0831 பாருக்கு. கேள்வியில் எந்த அலகு என்று பார்த்துவிட்டுக் கை வையுங்கள்.

மூன்று சிலிண்டர்கள்

எந்த வெப்பநிலைக்கு மேலே எவ்வளவு அமுக்கினாலும் வாயு திரவமாகாதோ அது நிலைமாறு வெப்பநிலை. இந்தச் சொல்லைப் பிள்ளைகள் வரையறையாக மனப்பாடம் செய்துவிட்டு மறந்துவிடுவார்கள். வீட்டு கேஸ் சிலிண்டர், மருத்துவமனை ஆக்சிஜன் சிலிண்டர், ஆய்வகச் சுவரில் தொங்கும் கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பான், மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசினால் மறக்க மாட்டார்கள்.

வீட்டுச் சிலிண்டரில் 14.2 கிலோ எரிவாயு. சிலிண்டரின் கொள்ளளவு 33.3 லிட்டர். எல்லாம் பியூட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மோலுக்கு 58 கிராம், ஆக 245 மோல். நல்லியல்பு வாயுச் சமன்பாட்டில் 300 கெல்வினைப் போட்டால் உள்ளே 181 வளிமண்டல அழுத்தம் வரும். அப்படி இருந்தால் எந்த வீட்டிலும் அடுப்படிக்குள் யாரும் நுழைய மாட்டார்கள். உண்மையில் அறை வெப்பநிலையில் பியூட்டேனின் ஆவி அழுத்தம் 2.5 பார் அளவு, புரோப்பேனுடையது 10 பார் அளவு. சிலிண்டரில் இருக்கும் கலவை இரண்டுக்கும் நடுவில் நிற்கும். காரணம், உள்ளே இருப்பதில் பெரும்பகுதி திரவம். சுமார் 26 லிட்டர் திரவம், மேலே 7 லிட்டர் ஆவி. பியூட்டேனின் நிலைமாறு வெப்பநிலை 152 டிகிரி, புரோப்பேனுடையது 97 டிகிரி. நம் ஊர் வெயிலில்கூட அமுக்கினால் திரவமாகிவிடும். மேலே ஏன் காலியிடம்? வெயிலில் திரவம் விரிந்தால் போக இடம் வேண்டும். முழுக்கத் திரவத்தால் நிரப்பினால் சிலிண்டர் தாங்காது.

இதனால்தான் கேஸ் தீரும் நாள் வரை அடுப்பு ஒரே மாதிரி எரிகிறது. திரவம் ஒரு சொட்டு இருக்கும்வரை அழுத்தம் குறையாது. எவ்வளவு மீதி என்று அழுத்தத்தை வைத்துச் சொல்லவே முடியாது. எடை போடலாம், காலிச் சிலிண்டரின் எடை அதன் மேலேயே பொறித்திருக்கும். அல்லது ஈரத்துணியால் சிலிண்டரைச் சுற்றித் துடைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பாருங்கள். திரவம் இருக்கும் உயரம்வரை ஈரம் மெதுவாகக் காயும், அதற்கு மேலே சீக்கிரம் காய்ந்துவிடும். கல்யாண வீட்டுச் சமையலில் பெரிய பர்னர் ஓடும்போது சிலிண்டர் வேர்த்து ஒழுகுவதும் அழுத்தம் விழுவதும் வேறு கதை. திரவம் ஆவியாக வெப்பம் வேண்டும், அதைத் தன்னிடமிருந்தே எடுக்கிறது, குளிர்ந்துபோகிறது. குளிர்ந்தால் ஆவி அழுத்தம் குறையும். சிலிண்டரைத் தண்ணீர்த் தொட்டியில் நிறுத்திவைப்பது இந்த வெப்பத்தை ஈடுசெய்யத்தான்.

ஆக்சிஜன் நேர் எதிர். நிலைமாறு வெப்பநிலை மைனஸ் 118 டிகிரி. அறை வெப்பநிலையில் எவ்வளவு அமுக்கினாலும் திரவமாகாது. பெரிய டி வகைச் சிலிண்டரின் கொள்ளளவு 46.7 லிட்டர், நிரப்பும் அழுத்தம் 150 பார்; பெருக்கினால் 7,000 லிட்டர், அதாவது 7 கன மீட்டர். இங்கே மீட்டர் உண்மை பேசும். முள் 75-இல் நின்றால் பாதி மீதி, 3,500 லிட்டர். நிமிடத்துக்கு 5 லிட்டர் போனால் 700 நிமிடம், பதினொன்றே முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. 2021 கோடையில் பல வீடுகளில் விடிய விடியப் போட்ட கணக்கு இது.

மூன்றாவது நடுவில் நிற்கிறது. கார்பன் டை ஆக்சைடின் நிலைமாறு வெப்பநிலை 31 டிகிரி. மார்கழி மாதத்து விடியற்காலையில் தீயணைப்பானுக்குள் திரவம் தளும்பும். சித்திரை மதியத்தில் திரவம், ஆவி என்ற பிரிவே இல்லாமல் ஒரே பொருளாகிவிடும். அந்தச் சிவப்புச் சிலிண்டரில் மீட்டரைத் தேடிப் பாருங்கள், இருக்காது. உலர் பொடித் தீயணைப்பானில் இருக்கும். இதில் வைத்தாலும் பயனில்லை. எடை போட்டுத்தான் சோதிப்பார்கள். பத்து சதவீதத்துக்கு மேல் எடை குறைந்திருந்தால் மறுபடி நிரப்ப வேண்டும். தாமஸ் ஆண்ட்ரூஸ் என்ற வேதியியலாளர் 1869-இல் வெளியிட்ட அழுத்தம்–கனஅளவு வளைகோடுகள் இதே வாயுவுக்குத்தான். அவர் இந்த வாயுவை எடுத்ததில் நமக்கு ஒரு லாபம்: நிலைமாறு புள்ளி நம் ஊர்ச் சுவரிலேயே தொங்குகிறது.

உண்மை வாயுக்களுக்காக நல்லியல்புச் சமன்பாட்டைத் திருத்தும் வாண்டர் வால்ஸ் சமன்பாட்டையும் இதே வாயுவில் ஒரு முறை போட்டுப் பார்த்துவிடுங்கள். ஒரு மோல், அரை லிட்டர், 300 கெல்வின். நல்லியல்பு விடை 49.3 வளிமண்டலம். மூலக்கூறுகளுக்கும் உடம்பு உண்டு என்று 0.0427 லிட்டரைக் கழித்தால் அழுத்தம் 53.9 ஆக ஏறுகிறது. ஒன்றையொன்று இழுக்கின்றன என்று 3.59-ஐ 0.25-ஆல் வகுத்துக் கழித்தால் 39.5-க்கு இறங்குகிறது. ஒரு திருத்தம் ஏற்றுகிறது, மற்றது இறக்குகிறது. எது ஜெயிக்கிறது என்பதுதான் அமுக்கக்கூடிய காரணி (உண்மை அழுத்தத்தை நல்லியல்பு அழுத்தத்தால் வகுத்தது) ஒன்றுக்கு மேலா கீழா என்ற கேள்வி. இரண்டு திருத்தத்தையும் சேர்த்தே போட்டுவிட்டுக் கடைசி விடையை மட்டும் எழுதும் பிள்ளைக்கு இது கண்ணில் படாது; படிப்படியாக எழுதச் சொல்லுங்கள்.

இலேசான வாயு வேகமாகப் போகும் என்னும் கிரஹாம் விதிக்குப் பயன்படும் அம்மோனியா, ஹைட்ரஜன் குளோரைடு வெண்வளையச் சோதனையைப் பற்றி ஒன்று. ஒரு மீட்டர்க் குழாயில் அம்மோனியா 59 செ.மீ.யும் ஹைட்ரஜன் குளோரைடு 41 செ.மீ.யும் போக வேண்டும் என்று கணக்கு சொல்லும். செய்து பார்த்தால் வித்தியாசம் அதைவிடக் குறைவாக வரும். சோதனை கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். அந்த விதி வெற்றிடத்தை நோக்கி நுண்துளை வழியே வெளியேறும் வாயுவுக்கானது. குழாய்க்குள் இரண்டும் காற்றை மோதி மோதித்தான் நகர்கின்றன. எந்தப் பக்கம் வளையம் என்பதை நம்பலாம், எத்தனை செ.மீ. என்பதை நம்பக் கூடாது.

கோலியும் டேபிள் டென்னிஸ் பந்தும்

திட நிலைமைக்குப் பதினான்கு டேபிள் டென்னிஸ் பந்துகள் வாங்குங்கள். விட்டம் 40 மி.மீ. ஒன்பது பந்தை மூன்றுக்கு மூன்று சதுரமாக ஒட்டி, குழிகளில் நான்கு, உச்சியில் ஒன்று. ஒட்ட ஃபெவிக்விக் ஒரு சொட்டு போதும். அதிகமானால் பந்து வெள்ளை படர்ந்துவிடும். இப்போது கோபுரத்தின் சாய்ந்த பக்கத்தைப் பிள்ளைகள் பக்கம் திருப்புங்கள். அங்கே ஒன்று, இரண்டு, மூன்று என்று ஆறு பந்துகள் முக்கோணமாக, இடைவெளி இல்லாத அறுகோண அடுக்காக இருக்கும். சதுர அடியில் கட்டினாலும் முக்கோண அடியில் கட்டினாலும் அது மூலைகளிலும் ஒவ்வொரு முகப்பின் நடுவிலும் பந்து இருக்கும் ஒரே முகப்பு மைய கனசதுரம்; நாம் பார்க்கும் பக்கம்தான் வேறு. இதை வாயால் சொன்னால் ஒரு பிள்ளையும் நம்பாது.

பழக்கடையில் ஆரஞ்சு அடுக்குபவர் இதைத்தான் செய்கிறார். இதைவிட நெருக்கமாக அடுக்க முடியாது என்று கெப்ளர் 1611-இல் சொன்னார். 1998-இல் தாமஸ் ஹேல்ஸ் நிரூபணம் கொடுத்தார். அதைக் கணினி மூலம் வரிக்கு வரி சரிபார்த்து முடித்தது 2014-இல். பழக்காரர் யாருக்கும் காத்திருக்கவில்லை. 74 சதவீதம் பழம், 26 சதவீதம் காற்று.

அடுத்தது துளைகள். சதுரமாக நிற்கும் நான்கு பந்துகள், அவற்றுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று: நடுவில் இருப்பது எண்முகித் துளை. அதில் அடங்கும் பந்தின் அளவு 40-இல் 0.414 பங்கு, அதாவது 16.6 மி.மீ. சாதாரணக் கோலிக்குண்டு 16 மி.மீ.; கச்சிதமாகப் போய் உட்காரும். மூன்று பந்துக்கு மேல் ஒன்று வைத்தால் நான்முகித் துளை, 0.225 பங்கு, 9 மி.மீ. வெள்ளைக் கொண்டைக்கடலையில் சிறியதாக ஒன்று பொறுக்கிப் போடுங்கள். நான்முகித் துளை எண்முகித் துளையைவிடச் சிறியது, எண்ணிக்கையில் இரு மடங்கு என்பதை அதன்பின் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

உப்பில் சோடியம் அயனியின் ஆரம் 102, குளோரைடின் ஆரம் 181 பிக்கோமீட்டர், விகிதம் 0.56. நம் மாதிரியில் அது 22 மி.மீ. பெரிய கோலி. அதைத் திணித்தால் பந்துகள் ஒன்றையொன்று தொடாமல் விலகி நிற்கும். உப்பில் குளோரைடு அயனிகளும் அப்படித்தான், ஒன்றையொன்று தொடுவதில்லை. விகிதம் 0.414-ஐத் தாண்டலாம், குறையக் கூடாது என்பதன் பொருள் இதுதான். குறைந்தால் கோலி உள்ளே கடகடவென்று ஆடும். எந்தப் பந்தையும் உருப்படியாகத் தொடாது.

பங்கு பிரிப்பதற்கு எட்டுத் தீப்பெட்டி. இரண்டுக்கு இரண்டுக்கு இரண்டு என்று அடுக்கினால் நடுவில் எட்டு மூலைகளும் ஒரு புள்ளியில் கூடும். அங்கே ஒரு மிளகை வைத்ததாக நினைத்துக்கொண்டால் ஒவ்வொரு பெட்டிக்கும் எட்டில் ஒன்று. விளிம்பில் இருப்பதை நான்கு பெட்டிகள் பங்கிடும், முகப்பில் இருப்பதை இரண்டு. அடுக்குமாடி வீட்டில் பொதுச் சுவர் இரண்டு வீட்டுக்காரருக்கும் பாதிப் பாதி என்று சொன்னாலும் புரிந்துவிடும்.

இங்கே பலரும் செய்யும், சில கையேடுகளிலும் இருக்கும் ஒரு தவறைச் சொல்லியாக வேண்டும். சீசியம் குளோரைடு பொருள் மைய கனசதுரம் அல்ல. மூலையிலும் மையத்திலும் ஒரே அணு இருந்தால்தான் அந்தப் பெயர், இரும்பு அப்படி. சீசியம் குளோரைடில் மூலையில் ஒன்று, மையத்தில் இன்னொன்று. அது எளிய கனசதுர அணிக்கோவை. ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு ஜோடி அயனி. படத்தைப் பார்த்து இரண்டு என்று எழுதும் பிள்ளைக்கு அடர்த்தி இரு மடங்காக வரும்.

அடர்த்திக் கணக்கில் மற்ற விபத்து அடுக்குக்குறி. 1 பிக்கோமீட்டர் 10⁻¹⁰ செ.மீ.; மும்மடியில் 10⁻³⁰. எண்ணை மும்மடியாக்கிவிட்டு அடுக்கை அப்படியே விட்டுவிடுவார்கள். விடை சரியா என்று பார்க்க எளிய வழி உண்டு. கன செ.மீ.க்கு இத்தனை கிராம் என்ற கணக்கில், உலோகங்களில் மிக இலேசான லித்தியம் 0.53, மிகக் கனமான ஆஸ்மியம் 22.6. இந்த எல்லைக்கு வெளியே விடை வந்தால் அடுக்குக்குறியில் தப்பு. எல்லைக்குள் வந்து, தெரிந்த மதிப்பைப்போல் இரு மடங்காகவோ பாதியாகவோ இருந்தால் அணு எண்ணிக்கையில் தப்பு. இரும்பின் விளிம்பு 286.6 பிக்கோமீட்டர், இரண்டு அணு, 7.88 வரும். நான்கு போட்டவருக்கு 15.8.

குறைபாடுகளுக்கு சைக்கிள் கடை பால்ரஸ் குண்டுகளைத் தட்டில் பரப்பி மெல்லத் தட்டுங்கள். அறுகோணத் திட்டுகள், நடுவில் ஒரு குண்டு இல்லாத ஓட்டை, இரண்டு திட்டுகள் கோணம் மாறிச் சேரும் எல்லை, எல்லாம் தானாக வரும். கடுகு வேண்டாம், அளவு ஒன்றுபோல் இருக்காது, திட்டே உருவாகாது. மீன் தொட்டி மோட்டார் இருந்தால் சோப்புத் தண்ணீரில் கொஞ்சம் கிளிசரின் கலந்து, ஊசி முனையை ஒரே ஆழத்தில் அசையாமல் பிடித்து, ஒன்றிரண்டு மி.மீ. குமிழ்களைத் தட்டு நிறைய விடலாம். பிராக், நை என்ற இயற்பியலாளர்கள் 1947-இல் உலோகத்தை விளக்க இதைத்தான் செய்தார்கள். துத்தநாக ஆக்சைடை சோதனைக் குழாயில் சூடாக்கினால் வெள்ளை மஞ்சளாகும், ஆறினால் மறுபடி வெள்ளை. பாடத்தில் உள்ள உலோகம் மிகும் குறைபாட்டுக்கு ஐந்து நிமிடத்தில் காட்டக்கூடியது இது ஒன்றுதான்.

படிகாரம் வளர்ப்பது

நாட்டு மருந்துக் கடைப் படிகாரம் போதும். பொடித்து, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் 100 மி.லி.யை 60 டிகிரிக்குச் சூடாக்கி, 25 கிராம் கரையுங்கள். 30 டிகிரியில் 16, 17 கிராம்தான் கரைந்து நிற்கும். 60 டிகிரியில் அதைப்போல் மூன்று மடங்குக்கு மேல். கலங்கல் இருக்கும், சூட்டோடு வடிதாளில் வடிகட்டி, அகலமான கண்ணாடிப் பாத்திரத்தில் ஊற்றித் துணி போட்டு மூடி ஓர் இரவு விடுங்கள். காலையில் அடியில் சின்னச் சின்னப் படிகங்கள் கிடக்கும். முனை உடையாத, கண்ணாடி மாதிரித் தெளிந்த, மூன்று நான்கு மி.மீ. அளவில் ஒன்றை இடுக்கியால் எடுங்கள். அது விதை.

விதையைத் தூண்டில் நரம்பில் கட்டுங்கள். பருத்தி நூல் வேண்டாம். நூல் முழுக்கப் படிகம் காய்த்துத் தொங்கும், விதை பட்டினி கிடக்கும்.

வளர்க்கும் கரைசலில்தான் எல்லாரும் தோற்கிறார்கள். மறுநாள் வந்து பார்த்தால் நரம்பு மட்டும் தொங்கும், விதை கரைந்து போயிருக்கும். காலை எட்டு மணிக்கு நிறைவுற்ற கரைசல் மதியம் இரண்டு மணிக்கு நிறைவுறாத கரைசல். அறை ஐந்து டிகிரி ஏறினாலே கரைசலுக்குப் பசி வந்துவிடும், விதையைத் தின்றுவிடும். ஆகவே அன்றைய உச்ச வெயில் நேரத்தில் கரைசலைத் தயாரியுங்கள். கரையாத படிகாரம் அடியில் மீதி நிற்கும்படி போட்டுக் கலக்கி, சில மணி நேரம் வைத்து, மதியத்திலேயே தெளிவை வடித்தெடுத்து விதையைத் தொங்கவிடுங்கள். இரவில் வெப்பநிலை இறங்கும்போது வளரும். பாத்திரத்தைத் தெர்மாகோல் பெட்டிக்குள் வைத்தால் ஏற்ற இறக்கம் அடங்கும். மேலே ஊசித் துளை போட்ட காகிதம். மின்விசிறிக் காற்றில் வைத்தால் சீக்கிரம் வளரும், ஆனால் பாலாகக் கலங்கிப்போகும். அவசரமாக வளரும் படிகம் தாய்க்கரைசலையும் உள்ளே வைத்துப் பூசிவிடும். அடியில் வேறு படிகங்கள் முளைத்தால் அன்றன்றே வடிகட்டி எடுத்துவிடுங்கள், அவை பங்குக்கு நிற்கும்.

கிடைப்பது எட்டு முகமுள்ள எண்முகி. படிகாரம் கனசதுர அமைப்பு என்று சொன்னதும், கனசதுரம் என்றால் ஏன் பகடை மாதிரி இல்லை என்று யாராவது கேட்க வேண்டும். கேட்காவிட்டால் நீங்களே கேளுங்கள். உள்ளே அலகுக்கூடு கனசதுரம். வெளியே தெரியும் முகங்கள், எது மெதுவாக வளர்கிறதோ அது. வேகமாக வளரும் முகம் தன்னையே ஒழித்துக்கொண்டு முனையாகச் சுருங்கிவிடும். சாதாரண உப்பே யூரியா கலந்த கரைசலில் எண்முகியாக வளரும். உள்ளமைப்பு மாறவில்லை, முகங்களின் வேகம் மாறியது. பார்த்து முடிந்ததும் படிகத்தை ஒற்றித் துடைத்து நிறமில்லா நெயில் பாலிஷ் பூசுங்கள். இல்லாவிட்டால் படிக நீர் போய் மேலே வெள்ளை பூத்துவிடும். மயில்துத்தமும் இதே முறையில் அழகாக வளரும், ஆனால் விஷம். சின்ன வகுப்புகளுக்குக் கொடுக்க வேண்டாம்.

கல் உப்பை வாணலியில் போட்டால் படபடவென்று வெடிக்கிறதே, அது படிக நீரா என்ற கேள்வி வரும். இல்லை. உப்பளப் பாத்தியில் அடர்ந்த கரைசலிலிருந்து படிகம் வளரும்போது இடையில் சிக்கிக்கொண்ட உப்புநீர்த் துளிகள் கொதித்து உடைத்துக்கொண்டு வெளியேறுகின்றன. போன் கேமரா கண்ணாடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பார்த்தால் கல் உப்பில் படிப்படியான குழிவும் கலங்கலும் தெரியும்.

அந்தச் சிக்கிய நீர்தான் கடைசிச் சோதனையிலும் வந்து நிற்கிறது. 100 மி.லி. அளவுச் சாடியில் 50 மி.லி. மண்ணெண்ணெய் அல்லது டர்பெண்டைன் ஊற்றுங்கள். உப்பு அதில் கரையாது. பக்கத்தில் அடுப்போ விளக்கோ கூடாது. 50 கிராம் உப்பைப் போட்டால் மட்டம் 73.1-க்கு ஏற வேண்டும், அடர்த்தி 2.16. அலகுக்கூட்டின் விளிம்பு 564 பிக்கோமீட்டர், உள்ளே நான்கு ஜோடி, மோலுக்கு 58.44 கிராம் என்று வைத்துத் தலைகீழாகப் போட்டால் ஒரு மோலில் உள்ள துகள்களின் எண்ணிக்கையான அவோகாட்ரோ எண் 6.02 × 10²³ வரும். கல் உப்பை அப்படியே போட்டவர்களுக்கு மட்டம் 74-க்குப் போய் 6.25 வரும். தூளாக்கி, வெறும் வாணலியில் வெடிப்புச் சத்தம் நிற்கும்வரை வறுத்து, ஆறவைத்து, சாடியில் போட்டதும் காற்றுக் குமிழ் போகக் கம்பியால் கிளறிவிட்டு மட்டத்தைப் படித்தவர்களுக்கு 6.1-க்குக் கீழே இறங்கும்.